நெட்டிக் கடை

நாமக்கல் பரமத்தி ரோட்டில் டயர்க் கடைகளும் லாரி பாடி கட்டுகிற பட்டறைகளும் வரிசையாக நிற்கிற இடத்தில், மணிமாறனின் பெயர்ப்பலகை மட்டும் கொஞ்சம் தனித்துத் தெரியும். 'மணிமாறன் கைரோபிராக்டிக் சென்டர்' என்று நீல எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு முதுகெலும்பை வரைந்திருக்கும். அந்த நடுவார்த்தையை முழுதாகச் சொல்லி முடித்தவர் எட்டு வருடத்தில் ஒருவரும் இல்லை. எழுதின பெயிண்டரே இரண்டு முறை அழித்து எழுதினார். படத்தைப் பார்த்துவிட்டுப் பூரான் கடிக்கு மருந்து கேட்டு வந்தவர்கள் மூன்று பேர். மற்றபடி ஊருக்கு அது நெட்டிக் கடை. மணிமாறன் நெட்டிக் கடைக்காரர். முன்னால் நின்று பேசும்போது மட்டும் மரியாதைக்கு 'டாக்டருங்க' என்பார்கள். நான் டாக்டர் இல்லைங்க என்று அவர் ஒவ்வொரு முறையும் சொல்வார். அவர்களும் ஒவ்வொரு முறையும் சரிங்க டாக்டருங்க என்பார்கள்.

வைத்தியம் இவ்வளவுதான். ஆளைக் கட்டிலில் குப்புறப் படுக்க வைத்து, முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் உள்ளங்கையை ஊன்றி, மூச்சை விடச் சொல்லி, விட்டு முடிக்கிற நேரம் பார்த்து ஓர் அழுத்து. 'சடக்' என்று ஒரு சத்தம் வரும். விரலில் நெட்டி முறிக்கிற அதே சத்தம். அது மூட்டுக்குள் இருக்கிற காற்று செய்கிற வேலை, அதற்கும் வலி போவதற்கும் பெரிய சம்பந்தம் கிடையாது என்று மணிமாறனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெங்களூர்க்காரர் சொல்லியிருந்தார். ஆரம்பத்தில் மணிமாறனும் இதை வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்லிப் பார்த்தார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படீன்னா சத்தம் வர்ற மாதிரியே ஒண்ணு போட்டுடுங்க என்றார்கள். வருகிறவர்களில் முக்கால்வாசி லாரிக்காரர்கள். இஞ்சினின் சுகக்கேட்டையே சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறவர்கள். முதுகுக்கு மட்டும் வேறு சட்டமா? முன்னூறு ரூபாய்க்கு நான்கு சத்தமாவது வர வேண்டும் என்பது எழுதப்படாத ஒப்பந்தமாகிவிட்டது. மோகனூர்க்காரர் ஒருவர், மூன்றுதான் வந்தது என்று சொல்லி எழுபத்தைந்து ரூபாயைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். வகுத்துப் பார்த்தால் கணக்குச் சரியாக இருந்ததால் மணிமாறனும் கொடுத்துவிட்டார்.

மணிமாறனுக்கு நாற்பத்தெட்டு வயது. திருச்செங்கோட்டுப் பக்கம் பிறந்து, அந்த ஊர் வழக்கப்படி ரிக் வண்டியில் ஏறி, போர்வெல் போட ஆந்திரா, சத்தீஸ்கர், ஒரிசா என்று பதினான்கு வருடம் சுற்றினவர். இரும்புக் குழாயைத் தோளில் வாங்கி வாங்கி ஒருநாள் நடுமுதுகு பிடித்துக்கொள்ள, வண்டியிலேயே படுக்க வைத்துப் பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒருவர் நெட்டி எடுத்துவிட்டார். மணிமாறன் எழுந்து நின்றார். நின்றவர் ஊருக்குத் திரும்பவில்லை. அந்த மனிதரிடமே இரண்டு வருடம் துண்டு மடித்துப் போட்டு, கட்டில் துடைத்து, தொழிலைக் கற்றுக்கொண்டு, தங்க முத்திரை போட்ட ஒரு சான்றிதழோடு நாமக்கல் வந்து கடை போட்டார். மனைவி அமுதவல்லி முன்னால் மேசை போட்டு டோக்கன் கொடுத்தார்.

இந்தத் தொழிலில் முதல் என்று பார்த்தால் ஒரு கட்டில், இரண்டு கை. கட்டிலுக்கு ஒரு கோளாறும் இல்லை. வலது கைதான் மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு தை மாதம் மக்கர் பண்ண ஆரம்பித்தது. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப் போகும். உதறினால் கொஞ்ச நேரம் உயிர் வரும், மறுபடி போய்விடும். சட்டைப் பொத்தான் மாட்ட ஐந்து நிமிடம் ஆனது. காபி டம்ளர் இரண்டு முறை கை நழுவியது. மறுவாரம் வீட்டில் டம்ளர்கள் மாயமாகி, பிடி வைத்த கோப்பைகள் வந்து உட்கார்ந்தன. அமுதவல்லி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் கேட்கவில்லை.

நெட்டிக்காரருக்குக் கை போய்விட்டது என்று லாரி ஸ்டாண்டில் ஒரு வாய்க்குத் தெரிந்தால் போதும், மறுநாள் குவாஹாட்டி வரைக்கும் தெரிந்துவிடும். அப்புறம் யார் வருவார்கள்? சமைக்கத் தெரியாத ஓட்டலில் யார் இலை முன்னால் உட்காருவார்கள்? மணிமாறனுக்கு வேறு தொழில் தெரியாது. ரிக்குக்குத் திரும்புகிற முதுகும் இல்லை. கல்லூரியில் ஒரு மகள் இருந்தாள். அதனால் அவர் யாரிடமும் சொல்லவில்லை. வலது கையால் அழுத்துவதுபோல வைத்துக்கொண்டு இடது முழங்கையால் ஒப்பேற்றினார். சத்தம் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக நான்கிலிருந்து இரண்டுக்கு வந்து, இரண்டிலிருந்து ஒன்றுக்கு வந்தது. சில நாள் ஒன்றும் வரவில்லை. அந்த நாட்களில் அவர் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். பயம்தான், வேறு என்ன.

அப்புறம் போன வருடம் பங்குனியில் ஓர் அதிசயம் நடந்தது. சத்தம் திரும்ப வந்துவிட்டது. கையின் மதமதப்பு அப்படியேதான் இருந்தது. ஆனால் அவர் அழுத்தினால் 'சடக்' என்று கேட்டது. ஒருவருக்கு ஐந்து, ஒருவருக்கு ஏழு. முன்னைவிடவும் கணீரென்று. மணிமாறன் நாமகிரித் தாயாருக்கு ஒரு புடவை சாத்தினார். கையில் உணர்ச்சி இல்லாவிட்டால் என்ன, வித்தை போகவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டலாம் என்றிருந்த யோசனையை அதோடு மூட்டை கட்டி வைத்தார்.

இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு மூலை நம்பாமல்தான் இருந்தது. தன் கை இல்லாமலும் நடக்கிற மாதிரி கடைக்கு இன்னொரு வேலை வேண்டும் என்று அந்த மூலை சொல்லிக்கொண்டே இருந்தது. காரணம் சொல்லாமல் யோசனை கேட்கப் பக்கத்துக் கடைக்குப் போனார். பக்கத்துக் கடை நசுருல்லாவுடையது. லாரிகளுக்கு வீல் அலைன்மெண்ட் பார்க்கிற பட்டறை. மனிதர் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். வியாபாரம் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், டீ சொல்லிவிடுவார்.

நெட்டி என்பது அலைன்மெண்ட் மாதிரி, ஒருமுறை சரிபண்ணினால் ஆறு மாதத்துக்கு வண்டி இந்தப் பக்கம் வராது, அதில்தான் தப்பு என்றார் நசுருல்லா. "நான் பேலன்சிங் மிசின் போட்டேன். அப்புறம் நைட்ரஜன் காத்து வெச்சேன். இப்ப அதே வண்டி மாசத்துக்கு ரெண்டு தடவை உள்ள வருது பாய். வண்டி ஒண்ணுதான்." நசுருல்லா எல்லோரையும் பாய் என்பார். முதுகுக்கு நைட்ரஜன் என்ன என்று இருவரும் இரண்டாவது டீ வரைக்கும் யோசித்தார்கள். பிசியோதெரபி என்று முடிவானது.

மணிமாறன் சேலம் ஃபேர்லேண்ட்ஸ் போய், அங்கே ஒரு பிசியோதெரபி சென்டரில் முழங்கால் வலி என்று பொய் சொல்லி, நானூறு ரூபாய் கட்டிப் படுத்துப் பார்த்துவிட்டு வந்தார். கரண்டு வைத்து விறுவிறுவென்று இழுக்கிற மிசின், மெழுகை உருக்கி ஒத்தடம் போடுகிற தொட்டி, ரப்பர் பட்டைகள், ஒரு பெரிய பந்து. ஒரே ஒரு பெண் நான்கு கட்டிலைச் சமாளித்தாள். யாரும் யாரையும் அழுத்தவில்லை. சத்தமே இல்லை. போகிறவர்கள் எல்லாம் 'நாளைக்கு வாரேங்க' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாளைக்கு! எட்டு வருடத்தில் மணிமாறனிடம் ஒருவரும் சொல்லாத வார்த்தை அது.

இந்த வருடம் வைகாசியில் வெயிட்டிங் ஹாலைப் பிளைவுட் வைத்து இரண்டாகத் தடுத்து, மிசின்கள் வாங்கிப் போட்டு, யாழினியை வேலைக்குச் சேர்த்தார். மேச்சேரிப் பெண், இருபத்தாறு வயது, பிசியோதெரபியில் முறையாகப் பட்டம் வாங்கினவள். அப்பா ஆடு வளர்க்கிறவர். வீட்டிலேயே, ஆட்டின் நடையைப் பார்த்து எந்தக் கால் நோகிறது என்று சொல்லிப் பழகியவர்கள். அவளும் வாசலில் ஆள் நுழையும்போதே பேனாவை வைத்துவிட்டு அவர் நடக்கிறதைப் பார்ப்பாள். சேருவதற்கு முன் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். யார் வந்தாலும் முதலில் அவள் பரிசோதித்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். ரிஜிஸ்டரில் இல்லாதவரை அவள் தொடமாட்டாள். இவருக்கு நெட்டி வேண்டாம் என்று அவள் சொன்னால் வேண்டாம்தான். சின்னப் பெண், நாள் போனால் சரியாகிவிடுவாள் என்று மணிமாறன் தலையாட்டினார். நாள் போனது, அவள் சரியாகவில்லை. முதல் வாரத்திலேயே கால் இழுத்துக்கொண்டு வந்த ஒரு டிரைவரை, இது நெட்டிக்கு அடங்குகிற சமாசாரம் இல்லை, உடனே ஸ்கேன் எடுங்கள் என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். அங்கே அவரை அன்றைக்கே ஆபரேஷனுக்குச் சேர்த்துக்கொண்டார்கள். மணிமாறன் அதற்கப்புறம் அவள் பேச்சில் குறுக்கே போகவில்லை. ஆனால் அவள் கண் தன் கைப்பக்கம் திரும்பும்போதெல்லாம் கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். ஒருமுறை, சார், அந்தக் கையை ஏன் உதறிக்கிட்டே இருக்கீங்க என்று கேட்டாள். பழக்கம் என்றார். அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

வருமானத்துக்கு நசுருல்லா சொல்லிக்கொடுத்த வழி, பத்து சிட்டிங் அட்டை. மஞ்சள் அட்டையில் பத்துக் கட்டம். எட்டு நாள் காசைக் கட்டினால் பத்து நாள் சிகிச்சை. வர வர அமுதவல்லி ஒவ்வொரு கட்டமாக ஓட்டை போடுவார். நெட்டி எடுத்துக்கொண்டு எழுந்த கையோடு லாரிக்காரர்கள் அட்டையை வாங்கினார்கள். இரண்டு நாள் சும்மா வருகிறது என்றால் யார் விடுவார்கள்? முதல் மாதத்தில் நாற்பது அட்டை போயிற்று.

மணிமாறனும் நசுருல்லாவும் கூடி யோசித்ததில் ஒன்றை மட்டும் மறந்துவிட்டார்கள். லாரி டிரைவர் என்பவர் தொடர்ந்து பத்து நாள் ஊரில் இருக்கிற ஜென்மம் இல்லை. மூன்றாம் நாள் லோடு ஏறும், நாலாம் நாள் நாக்பூரில் இருப்பார்.

அட்டை வாங்கியவர்களில் முதல் ஆள் ராசு. ஐம்பத்து நான்கு வயது, முப்பது வருடமாக ஸ்டீயரிங் பிடிக்கிறவர், கடை திறந்த நாள் முதலான வாடிக்கை. இரண்டு நாள் ஒழுங்காக வந்தார். மூன்றாம் நாள் அவர் அட்டையை நீட்டிக்கொண்டு அவர் மனைவி பாப்பாயி வந்து நின்றார். கையில் ஒரு துணிப்பை வேறு.

ராசு எங்கே என்று அமுதவல்லி கேட்டார்.

"அவரு லைனுக்குப் போயிட்டாருங்க, வர பத்து நாளாகும். நாள் வீணாப் போயிரும்னு நான் வந்தனுங்க. அட்டை எங்க ஊட்டு அட்டைதானுங்களே?"

பாப்பாயிக்கு அட்டை என்றால் ஒன்றுதான் தெரியும். ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயரில் இருப்பது. வீட்டில் யார் ஒழிவாக இருக்கிறார்களோ அவர்கள் போய் வாங்கிக்கொண்டு வருவது. தலைவர் நேரில் வந்தால்தான் சர்க்கரை என்று எந்தக் கடையிலும் சொன்னதில்லை. மணிமாறன் வெளியே வந்து, இது உங்கள் வீட்டுக்காரர் முதுகுக்கு எழுதின சிகிச்சை, நீங்கள் படுத்தால் அவர் முதுகு எப்படிச் சரியாகும் என்று விளக்கினார். பாப்பாயி முழுதும் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, அவருக்கு முதுகு, எனக்கு இடுப்பு, ரெண்டும் பக்கத்துல பக்கத்துலதானுங்க இருக்குது என்றார்.

யாழினி இதற்குள் பாப்பாயி வாசலிலிருந்து மேசை வரைக்கும் நடந்து வந்ததைப் பார்த்திருந்தாள். எத்தனை வருசமாங்க இப்படி என்று கேட்டாள். கடைசிப் பிள்ளை பிறந்ததிலிருந்து என்றார் பாப்பாயி. அந்தப் பிள்ளைக்கு இப்போது இருபத்தொன்பது வயது. யாழினி மணிமாறனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாப்பாயியைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

அன்றைக்கு யாழினி சொன்ன நோயை அமுதவல்லி அட்டையிலிருந்த பெயரிலேயே எழுதி வைத்ததால், ரிஜிஸ்டரில் 'ராசு, ஆண், வயது 54, பிரசவத்துக்குப் பின் இடுப்பு வலி' என்று பதிவாயிற்று. யாழினி அதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டு, இனிமேல் படுக்கிறவர் பெயரைத்தான் எழுத வேண்டும் என்று திருத்தினாள்.

சேதி வடக்கே ராசிபுரம், தெற்கே பரமத்தி வேலூர் வரைக்கும் பரவியது. லைனுக்குப் போனவர்களின் மனைவிமார் மஞ்சள் அட்டையோடு வர ஆரம்பித்தார்கள். தோள்பட்டை தூக்க முடியாதவர்கள், கோழிப்பண்ணையில் முட்டைத் தட்டு அடுக்கி அடுக்கிக் கழுத்து போனவர்கள், தறி ஓட்டி முழங்கால் போனவர்கள். தனக்கென்று தனியாக ஆஸ்பத்திரிச் செலவு வைக்கப் பிடிக்காமல் பத்து வருடம், இருபது வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள். இங்கே செலவு ஏற்கெனவே ஆகிவிட்டது. போகாவிட்டால்தான் நட்டம். நட்டப்படுவதற்கு அவர்கள் மனம் ஒப்பவில்லை. அட்டை தீர்ந்ததும் வீட்டுக்காரரிடம், உங்களுக்கு முதுகு மறுபடி வலிக்கிற மாதிரி இருக்குதுங்களே என்று கேட்டார்கள். லாரிக்காரருக்கு முதுகு எப்போதுமே வலிக்கிற மாதிரிதான் இருக்கும். இன்னொரு அட்டை வாங்கினார்கள்.

புரட்டாசி முடியும்போது பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் வந்த வருமானம் இந்தப் பக்கத்தைத் தாண்டிவிட்டது. நசுருல்லா தன் யோசனை பலித்ததாக எடுத்துக்கொண்டு இனிப்பு வாங்கிக் கொடுத்தார். மணிமாறன் நினைத்தது நினைத்தபடி நடந்திருந்தது. அவர் கை இல்லாமலே கடை ஓடும். நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே?

நிம்மதி வரவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்கும்போது இந்தப் பக்கம் அவர் தன் வலது உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் சதை மேடு வற்றிப் பள்ளமாகியிருந்தது. பத்தடி தூரத்தில், ஒரு பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம், அதைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த பெண் உட்கார்ந்திருந்தாள். அவரே சம்பளம் கொடுத்து வைத்த பெண். ஆனால் போய்க் காட்டினால் அவள் ரிஜிஸ்டரில் எழுதுவாள். எழுதினால் நெட்டி எடுக்கக் கூடாது என்பாள். அவள் சொன்னால் சொன்னதுதான். அவர் இன்னமும் நெட்டிக்காரர். ஆள் வருகிறது, சத்தமும் வருகிறது. ஊருக்கெல்லாம் முதுகு பார்க்கிறவர், தன் கையைக் காட்டப் பத்தடி நடக்க மாட்டாமல் ஐந்து மாதம் உட்கார்ந்திருந்தார்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ராசு வந்தார். அஸ்ஸாமுக்கு லோடு ஏற்றியிருந்தார். போக வர ஒரு மாதம். பாப்பாயி ஆத்தூரில் மகள் பிரசவத்துக்குப் போயிருந்தார். நீண்ட பயணத்துக்கு முன்னால் வழக்கமாக ஒரு நெட்டி எடுத்துக்கொண்டு போகிறவர், அன்றைக்குக் கட்டிலில் படுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து மணிமாறன் முன்னால் வைத்தார். மூன்று கட்டம் ஓட்டை விழாமல் இருந்தது.

"நானும் இல்லை, அவளும் இல்லீங்க. மூணு நாள் வீணாப் போவுது. உங்க கைக்கு வெச்சுக்கங்க" என்றார்.

மணிமாறனின் வலது கை தானாகப் பாக்கெட்டுக்குள் போனது. கைக்கு என்ன என்றார்.

ராசு தரையைப் பார்த்தார். முப்பது வருடம் சரக்கு லாரி ஓட்டியவர், மலைப்பாதையில் பிரேக் போனபோதும் இப்படித் தடுமாறியிருக்க மாட்டார். மெல்ல ஆரம்பித்தார். போன வருடம் மாசியிலேயே ஸ்டாண்டில் பேச்சு வந்துவிட்டது. டாக்டரின் வலது கையில் பிடி இல்லை, முழங்கையால்தான் தள்ளுகிறார் என்று முதுகில் வாங்குகிறவர்களுக்குத் தெரியாதா? சத்தம் வராத நாளில் அவர் முகம் போன போக்கைப் பார்க்க யாருக்கும் மனது கேட்கவில்லை. காசு போனால் போகிறது, மனிதர் ஒடிந்து போகக் கூடாது என்று நான்கு பேர் கூடிப் பேசினார்கள்.

"படுக்கறப்போ கையி ரெண்டும் கட்டிலுக்கு அடியிலதானுங்க தொங்குது. நீங்க அமுக்கறப்போ நாங்களே விரல்ல நெட்டி எடுத்துக்குவமுங்க. ஒரு விரலுக்கு ஒண்ணு. பத்துக்கு மேல வராதுங்க."

பத்துக்கு மேல் எண்ணிக்கை ஒருநாளும் போனதில்லை என்பது மணிமாறனுக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டார். ஸ்டாண்டு பூரா என்றார் ராசு. புதிதாக வருகிறவர்களுக்கு வாசலிலேயே சொல்லி அனுப்புவது வழக்கம் என்றும் சொன்னார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. எங்க முதுகையெல்லாம் நிமுத்துன கையிங்க அது."

மணிமாறனுக்குக் கோபம் வந்தது. பளார் என்று அறைந்துவிடலாம் போல ஒரு கோபம். எந்தக் கையால் அறைவது என்று தெரியாததால் உட்கார்ந்தே இருந்தார். ஒன்றரை வருடமாக ஓர் ஊரே சேர்ந்து ஏமாற்றியிருக்கிறது. அதுவும் தலைக்கு முன்னூறு ரூபாய் கொடுத்து ஏமாற்றியிருக்கிறது. அவமானமாக இருந்தது. ராசு எழுந்து, வாரேனுங்க என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த டோக்கனை உள்ளே விடச் சொன்னார். அறிவழகன் என்று ஒரு டேங்கர் டிரைவர். பத்து நாளுக்கு முன்னால்தான் அவருக்கு ஆறு சத்தம் வந்திருந்தது. அறிவழகன் குப்புறப் படுத்தார். மணிமாறன் அவருடைய இரண்டு கையையும் மேலே தூக்கித் தலைக்கு இரு பக்கமும் கட்டிலின் மேலேயே வைக்கச் சொன்னார். விரலை விரித்து வைங்க என்றார். அறிவழகன் ஒரு நிமிடம் அசையாமல் கிடந்தார். பிறகு விரித்து வைத்தார்.

மணிமாறன் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றினார். மூச்சை விடச் சொன்னார். இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி ஓர் அழுத்து அழுத்தினார். இன்னொரு இடத்தில் ஒன்று. கழுத்துக்குக் கீழே ஒன்று. பக்கத்துப் பட்டறையில் நசுருல்லா யாரையோ சக்கரத்தைத் திருப்பச் சொல்வது தெளிவாகக் கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை.

"வந்துருச்சுங்க டாக்டருங்க. உள்ளுக்குள்ள கேட்டுச்சு" என்றார் அறிவழகன், கட்டிலில் முகத்தைப் புதைத்தபடியே.

மணிமாறன் அவரை எழுப்பி உட்கார வைத்தார். காசு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். மஞ்சள் அட்டையை அமுதவல்லியின் மேசையில் வைத்தார். வலது கையால்தான் வைத்தார். அட்டை நழுவி விழுந்தது, மறுபடி எடுத்து வைத்தார். ஹாலில் இருந்தவர்கள் எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

அமுதவல்லி நிமிர்ந்து, "என்ன பேருல எழுதட்டுங்க?" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"மணிமாறன்னு எழுது" என்றார்.

பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் ஐந்து பெண்கள் பெஞ்சில் காத்திருந்தார்கள். அவர் ஆறாவதாகப் போய் உட்கார்ந்தார். முந்திப் போகச் சொல்லி அவர்கள் எழுந்தார்கள். வேண்டாமுங்க, முறைப்படியே வாரேன் என்றார். ஒன்றரை மணி நேரம் ஆனது.

யாழினி அவர் கையை இரண்டு கையாலும் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொன்னாள். ஒரு பஞ்சுத் துண்டால் விரல் விரலாகத் தடவி, தெரியுதா, தெரியுதா என்று கேட்டாள். மூன்று விரலில் தெரியவில்லை. கட்டைவிரலுக்கு அடியில் இருந்த பள்ளத்தை வெகுநேரம் அழுத்திப் பார்த்தாள். மணிக்கட்டில் நரம்பு நெருக்குப்பட்டிருக்கிறது, இப்போது நம் மிசினுக்கு அடங்காது, சேலத்தில் ஆபரேஷனுக்குக் காட்ட வேண்டும் என்றாள். செய்தாலும் வற்றின சதை எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது. நெட்டி எடுக்கிற வேலை இனி இல்லை. சுற்றி வளைக்காமல் சொன்னாள். எழுதும்போது மட்டும் பேனா ஓரிடத்தில் நின்றது.

"ஆரம்பத்துலயே பார்த்திருந்தா ராத்திரிக்கு ஒரு பட்டை கட்டி, நாலு பயிற்சியோட சரியாகியிருக்கும் சார். போன வருசம் இந்நேரம் வந்திருந்தாக்கூட இவ்வளவு போயிருக்காது. இத்தனை நாளா ஏன் சார் யார்கிட்டயும் காட்டலை?"

மணிமாறன் அவள் கையிலிருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தம் நல்லா வந்துட்டிருந்துதும்மா" என்றார்.